கடனை அடைக்கும் நாளிலும் ஒரு பிடி சேமிப்பு

இல்லறத்தின் அமைதியைக் குலைக்கும் காரணங்கள் பல உண்டு. அவற்றுள் ஓசையின்றி வீட்டினுள் நுழைந்து, உறக்கத்தையும் உறவையும் ஒருங்கே கெடுக்க வல்லது கடன். முன்னொரு காலத்தில் ஒரு குடும்பத்தின் கடன் கண்ணுக்குத் தெரியும் பொருளாக இருந்தது. மளிகைக் கடையின் பற்று நோட்டில் அது எழுதப்பட்டிருந்தது. அடகுக் கடையின் சீட்டில் அது குறிக்கப்பட்டிருந்தது. மாதம் பிறந்ததும் வட்டிக்காரரின் உருவில் வாசலில் வந்து நின்றது. இன்றோ அது ஓர் அட்டையின் உருவில் சட்டைப் பையில் அடங்கிக் கிடக்கிறது. 1980-ஆம் ஆண்டு சென்ட்ரல் பாங்க் ஆப் இந்தியா தன் கடன் அட்டையை வெளியிட்டபோது, அது வசதி படைத்த சிலருக்குரிய பொருளாகவே கருதப்பட்டது. 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நம் நாட்டில் புழங்கிய கடன் அட்டைகளின் எண்ணிக்கை 10 கோடியைக் கடந்துவிட்டது. ஆசிரியர், செவிலியர், அலுவலக எழுத்தர், தனியார் நிறுவன ஊழியர் என மாத ஊதியம் பெறுவோர் பலரின் இல்லங்களில் ‘கிரெடிட் கார்டு’ என்னும் இவ்வட்டை இடம்பெற்றுவிட்டது.

அட்டையைப் பழிப்பது நம் நோக்கமன்று. உரிய நாளில் முழுத் தொகையையும் செலுத்திவிடுவோருக்கு அதனால் கேடில்லை, வசதியே உண்டு. ஆனால், ஏற்கெனவே நிலுவை சேர்ந்துவிட்ட குடும்பங்களில் ஒரு கேள்வி எழுகிறது. கடன் முழுவதும் தீரும்வரை சேமிப்பைப் பற்றி எண்ணவே கூடாதா? அன்றி, கடனை அடைத்துக்கொண்டே அவசரத்துக்கென்று சிறிது பணத்தை ஒதுக்கி வைக்கலாமா? இக்கேள்விக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் பாட்டிமார் இக்கேள்விக்குத் தம் வழியில் ஒரு விடை வைத்திருந்தனர். அன்றாடம் உலைக்கு அரிசி அளக்கும்போது, அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியைத் திரும்ப எடுத்துத் தனிக் கலயத்தில் இடுவது அவர்கள் வழக்கம். மளிகைக் கடையில் பாக்கி நின்ற வீடுகளிலும் அந்தக் கலயம் இருந்தது. ‘முதலில் கடைக்காரர் பாக்கி தீரட்டும், பிறகு பிடி அரிசி எடுக்கலாம்’ என்று அவர்கள் காத்திருக்கவில்லை. மழை நாளில் வேலையின்றிப் போனாலும், எதிர்பாராமல் விருந்து வந்தாலும், அந்தக் கலயமே புதிய கடனிலிருந்து குடும்பத்தைக் காத்தது. அவ்வழக்கம் இன்றைய கடன் அட்டைக்கும் பொருந்துமா என்பதைச் சற்றே நிதானமாகக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

அட்டைக் கடனின் இயல்பு

கடன் அட்டையின் வட்டி மாதக் கணக்கில் சொல்லப்படுகிறது. ஆகையால் அது சிறியதாகத் தோன்றுகிறது. பல வங்கிகள் மாதத்துக்கு மூன்றரை விழுக்காட்டை ஒட்டி வட்டி பெறுகின்றன. ஆண்டுக் கணக்கில் இது 42 விழுக்காடு. இத்துடன் அந்த வட்டியின்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. வரியும் உண்டு. சாதாரணக் கடன்களின் வட்டிக்கு இந்த வரி கிடையாது. கடன் அட்டையின் வட்டிக்கு மட்டும் உண்டு என்பதைப் பலர் அறியார்.

இவ்வட்டிக்குச் சட்டப்படி ஓர் உச்சவரம்பு இருக்கும் என்று நம்புவோரும் உளர். ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்கு மேற்பட்ட வட்டி நேர்மையற்ற வணிக முறை என்று தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையம் 2008-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது உண்மையே. ஆனால் 2024-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கிவிட்டது. எனவே அந்த வரம்பை நம்பி இருப்பதில் பயனில்லை.

வட்டியைவிட ஆபத்தானது ‘மினிமம் டியூ’ எனப்படும் குறைந்தபட்சத் தொகை. மொத்த நிலுவையில் 5 விழுக்காட்டைச் செலுத்தினால் போதும் என்று பல வங்கிகள் பட்டியலில் அச்சிடுகின்றன. 60,000 ரூபாய் நிலுவை வைத்துள்ள ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். குறைந்தபட்சத் தொகை 3,000 ரூபாய். அம்மாத வட்டி 2,100 ரூபாய்; அதற்கு வரி 378 ரூபாய்; ஆக 2,478 ரூபாய். செலுத்திய 3,000 ரூபாயில் அசலைக் குறைப்பது வெறும் 522 ரூபாய்! குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவந்தால் கடன் பல மாதங்கள், பல ஆண்டுகள் நீளும் என்னும் எச்சரிக்கையை மாதப் பட்டியலில் அச்சிட வேண்டும் என்று 2022-ஆம் ஆண்டில் ரிசர்வ் வங்கி விதித்தது இதனால்தான்.

இன்னொரு நுட்பமும் உண்டு. பொருள் வாங்கிய நாளிலிருந்து ஏறத்தாழ 45 அல்லது 50 நாள்வரை வட்டியில்லை என்று சொல்லப்படுகிறதே, அச்சலுகை முழுத் தொகையையும் கட்டுவோருக்கே உரியது. நிலுவை நிற்கும்போது புதிதாக வாங்கும் ஒரு கிலோ பருப்புக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடுகிறது. ஆகவே, கடனைத் தீர்க்க முடிவு செய்த குடும்பத்தின் முதற் செயல், அட்டையை உபயோகிப்பதை நிறுத்துவதே. பணப்பையிலிருந்து அதை எடுத்துப் பெட்டியில் வைப்பதோடு, கைப்பேசிச் செயலிகளில் பதிந்து வைத்துள்ள அட்டை எண்ணையும் நீக்கிவிட வேண்டும்.

கணக்கு சொல்லும் விடை

இனி, மேற்கண்ட குடும்பம் மிகுந்த சிக்கனத்தோடு மாதம் 6,000 ரூபாயைக் கடனுக்கென ஒதுக்க முடிகிறது என்று கொள்வோம். அவர்கள் முன்னே இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழி, 6,000 ரூபாயையும் கடனுக்கே கட்டுவது. அட்டையில் புதிய செலவு எதுவும் இல்லையெனில், 14-ஆவது மாதத்தில் கடன் தீரும். கட்டிய மொத்தத் தொகை ஏறத்தாழ 79,000 ரூபாய். அதன்பின் சேமிக்கத் தொடங்கினால், 15-ஆவது மாதத்தில் கையில் 10,000 ரூபாய் சேர்ந்திருக்கும்.

இரண்டாம் வழி, முதல் ஐந்து மாதங்கள் 4,000 ரூபாயைக் கடனுக்கும் 2,000 ரூபாயைச் சேமிப்புக்கும் ஒதுக்கி, 10,000 ரூபாய் சேர்ந்தபின் முழு 6,000 ரூபாயையும் கடனுக்குக் கட்டுவது. இவ்வழியில் கடன் தீர்வது 16-ஆவது மாதத்தில். கட்டிய மொத்தத் தொகை ஏறத்தாழ 85,300 ரூபாய்.

இரண்டையும் ஒப்பிட்டால், தொடக்கத்திலேயே 10,000 ரூபாயைச் சேர்த்து வைத்ததற்கு அக்குடும்பம் கொடுத்த விலை ஏறத்தாழ 6,300 ரூபாய். காலத்தில் ஒரு மாதம். இதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. சேமிப்புக் கணக்கில் கிடக்கும் 10,000 ரூபாய்க்கு வங்கி தரும் வட்டி மாதம் 30 ரூபாயைத் தாண்டுவது அரிது. பாரத ஸ்டேட் வங்கி 2025-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சேமிப்புக் கணக்கின் வட்டியை ஆண்டுக்கு இரண்டரை விழுக்காடாகவே ஆக்கிவிட்டது. அதே 10,000 ரூபாய்க்கு அட்டையில் நாம் கொடுக்கும் வட்டியும் வரியும் மாதம் 413 ரூபாய். வெறும் கணக்கை மட்டும் பார்த்தால், முதலில் கடன், பிறகே சேமிப்பு என்பதுதான் விடை.

கணக்கில் வராதவை

ஆயினும் குடும்பங்கள் வாழ்வது கணக்கேட்டில் அன்று. முதல் வழியில், ‘புதிய செலவு எதுவும் இல்லையெனில்’ என்று ஒரு சொற்றொடரை நாம் சேர்த்தோம். பதினான்கு மாதங்கள் ஒரு வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் வராமலும், இரு சக்கர வண்டி பழுதாகாமலும், ஊரில் முதியோர் ஒருவர் படுக்கையில் விழாமலும், ஊதியம் ஒருமுறையேனும் தாமதமாகாமலும் இருக்குமா?

‘கையிலுள்ள பணத்தையெல்லாம் அட்டையிலேயே கட்டிவிட்டால், அந்த அளவுக்கு அட்டையில் வரம்பு விடுபடுமே, அவசரம் நேர்ந்தால் அதையே திரும்ப உபயோகிக்கலாமே’ என்று சிலர் வினவலாம். வினா நியாயமானது. ஆனால் மூன்று காரணங்களால் இவ்வழி நம்பத்தக்கதன்று.

முதலாவது, அவசரங்கள் பெரும்பாலும் ரொக்கத்தையே கேட்கின்றன. இரவில் அழைக்கும் வாடகை வண்டிக்காரர், தெருமுனை மருத்துவர், வீட்டுச் சொந்தக்காரர், குழாய் பழுது பார்ப்பவர் ஆகியோரிடம் அட்டை செல்லாது. அட்டையைக் கொண்டு ஏ.டி.எம்.மில் பணம் எடுத்தாலோ, அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. எடுத்த நாளிலிருந்தே வட்டியும் உண்டு.

இரண்டாவது, வரம்பு நம் பணமன்று. அதைக் குறைக்கும் உரிமை வங்கிக்கு உண்டு. தொடர்ந்து நிலுவை வைப்போரின் வரம்பே குறைக்கப்பட வாய்ப்பு அதிகம். வேலை போன மாதத்தில், மிகவும் தேவைப்படும் நேரத்தில், அந்தக் கதவு அடைபட்டிருக்கக்கூடும்.

மூன்றாவது காரணமே முதன்மையானது. ரொக்கம் தேவைப்பட்டு, அட்டையும் கைகொடுக்காதபோது, குடும்பம் நாடிச் செல்வது கந்துவட்டிக்காரரையே. நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய் வட்டியென்றால் ஆண்டுக்கு 120 விழுக்காடு. அளவுக்கு மீறிய வட்டியைத் தடைசெய்யும் சட்டத்தைத் தமிழகம் 2003-ஆம் ஆண்டிலேயே இயற்றியுள்ளது. இருந்தும், அவசரத்தில் கை நீட்டியவர் சட்டத்தை நினைப்பதில்லை. அதோடு, அந்த வட்டியைக் கட்டுவதற்காக அட்டைத் தவணை தவறும். தாமதக் கட்டணம் சேரும். கடன் தகவல் நிறுவனங்களில் பதிவாகும் மதிப்பெண், 300 முதல் 900 வரை அளக்கப்படும் அந்த எண், சரியும். நாளை வீட்டுக் கடனோ பிள்ளையின் கல்விக் கடனோ கேட்கப் போகும்போது அச்சரிவு குறுக்கே நிற்கும்.

இவையன்றி, உள்ளத்தைப் பற்றியதும் ஒன்றுண்டு. ஆறு மாதங்கள் வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டிக் கடனைக் குறைத்துவந்த ஒரு தாய், ஒரே நாள் மருத்துவச் செலவில் அது பழைய உயரத்துக்கே ஏறுவதைக் காண்கிறாள். ‘எவ்வளவு கட்டினாலும் இது தீரப்போவதில்லை’ என்னும் சோர்வு அன்றுதான் வீட்டினுள் நுழைகிறது. சோர்ந்தவர்கள் கணக்குப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள். கையில் உள்ள சிறு சேமிப்பு அச்சோர்வைத் தடுக்கிறது. செலவு வந்தது; சேமிப்பிலிருந்து கொடுத்தோம்; கடன் ஏறவில்லை என்னும் நிறைவு, அடுத்த மாதத் தவணையைக் கட்டும் வலிமையைத் தருகிறது.

எனவே நாம் காணும் விடை இது: கடன் இருக்கும்போதும் ஒரு சிறு சேமிப்பு தேவை. ஆனால் அது சிறியதாகவே இருக்க வேண்டும். அதன் விலையைக் குறைக்கும் வழியையும் தேட வேண்டும்.

சேமிப்பின் விலையைக் குறைப்பது எப்படி?

கடனின் வட்டி உயர்ந்திருப்பதால்தான் சேமிப்பின் விலையும் உயர்ந்திருக்கிறது. வட்டியைக் குறைத்தால் இரண்டும் எளிதாகும். பொதுத்துறை வங்கிகளிலும் கூட்டுறவு வங்கிகளிலும் கிடைக்கும் நகைக் கடனின் வட்டி, அட்டை வட்டியில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுவது அரிது. பெட்டியில் உறங்கும் ஒரு சங்கிலியை வைத்து, ஆண்டுக்கு 12 விழுக்காட்டில் 60,000 ரூபாய் பெற்று, அட்டைக் கடனை முழுவதும் தீர்த்துவிட்டதாகக் கொள்வோம். அதே 6,000 ரூபாயை மாதந்தோறும் கட்டினால் 11 மாதங்களில் நகை வீடு திரும்பும். வட்டி மொத்தம் ஏறத்தாழ 3,500 ரூபாய். அட்டையிலேயே விட்டிருந்தால் வட்டியும் வரியுமாக 19,000 ரூபாய் போயிருக்கும். முதல் ஐந்து மாதங்கள் 2,000 ரூபாயைச் சேமிப்புக்கு ஒதுக்கினாலும் 13-ஆவது மாதத்தில் கடன் தீர்கிறது. அச்சேமிப்புக்கு நாம் கொடுக்கும் விலையோ 6,300 ரூபாயிலிருந்து ஆயிரம் ரூபாய்க்கும் குறைவாக இறங்கிவிடுகிறது.

நகை இல்லாதோர், அட்டை நிலுவையைக் குறைந்த வட்டியில் மாதத் தவணையாக மாற்றித் தருமாறு வங்கியைக் கேட்கலாம். அன்றி, தனிநபர் கடன் பெற்று அடைக்கலாம். இவற்றுக்கு உரிய கட்டணங்களையும் வரியையும் கேட்டறிந்து, மொத்தம் எவ்வளவு கட்டுகிறோம் என்பதை எழுதிப் பார்த்த பின்னரே கையெழுத்திட வேண்டும். இரண்டு மூன்று அட்டைகளில் நிலுவை இருப்பின், எல்லாவற்றுக்கும் குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டிவிட்டு, எஞ்சிய பணம் முழுவதையும் மிக அதிக வட்டி உள்ள அட்டைக்குச் செலுத்துவதே சிக்கனம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நகையை வைத்து அட்டையைத் தீர்த்த குடும்பம், காலியான அட்டையைக் கண்டு மீண்டும் அதை நிரப்பத் தொடங்கினால், ஒரு கடன் இருந்த இடத்தில் இரண்டு கடன் நிற்கும். நகையும் போகும். ஆதலின், தீர்த்த அட்டைகளுள் தேவையற்றதை மூடிவிடுவதே நலம். நிலுவை முழுவதையும் கட்டியபின் மூடக் கோரினால், ஏழு வேலை நாள்களுக்குள் வங்கி அதை மூட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என 2022-ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கி விதிகள் கூறின.

எவ்வளவு? எங்கே?

பொருளியல் நூல்கள் மூன்று முதல் ஆறு மாதச் செலவுக்குரிய தொகையை அவசரச் சேமிப்பாக வைக்கச் சொல்லும். கடன் உள்ள குடும்பத்துக்கு இப்போதே அது இயலாது, ஏற்றதும் அன்று. ஒரு மாத வாடகையும் அரிசி பருப்பும் பால் செலவும் எவ்வளவோ, அவ்வளவே முதல் இலக்கு. பல வீடுகளுக்கு அது 10,000 முதல் 15,000 ரூபாய்க்குள் அடங்கும். அதுவும் மலைப்பாகத் தோன்றினால் 5,000 ரூபாயில் தொடங்கலாம். மாத ஊதியத்தில் கை வைக்காமல், பண்டிகை போனஸ், ஊதிய நிலுவை, பழைய பொருள் விற்ற பணம் ஆகியவற்றைக் கொண்டு அவ்விலக்கை எட்ட முடியுமானால், கடன் தவணை குறையாமலேயே கலயம் நிரம்பிவிடும்.

அப்பணத்தை வீட்டு அலமாரியில் வைத்தால் அது கரைந்துபோகும். அன்றாடம் கைப்பேசியால் பணம் அனுப்பும் கணக்கில் வைத்தாலும் அவ்வாறே. அஞ்சலகத்திலோ வேறொரு வங்கியிலோ தனியே ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கி, அதைக் கைப்பேசிச் செயலிகளோடு இணைக்காமல் வைத்திருப்பதே நன்று. அஞ்சலகச் சேமிப்புக் கணக்கை 500 ரூபாயில் தொடங்கலாம். 2025-ஆம் ஆண்டிலும் அதற்கு ஆண்டுக்கு 4 விழுக்காடு வட்டி தரப்பட்டது. அஞ்சலகத் தொடர் வைப்பு மாதம் 100 ரூபாயிலிருந்தே கட்டக்கூடிய நல்ல திட்டம்தான். ஆனால் அது ஐந்தாண்டுத் திட்டம். மூன்றாண்டு நிறையும் முன் அதை முடித்துப் பணம் பெற இயலாது. ஏலச்சீட்டும் அவ்வாறே. நமக்குப் பணம் தேவைப்படும் நாளில் சீட்டு நமக்கு விழும் என்பதற்கு உறுதியில்லை. தள்ளி எடுத்தால் நட்டம். அவசரச் சேமிப்பு வட்டி ஈட்டுவதற்காக அன்று. அழைத்த நாளில் வருவதற்காக.

அவசரங்களின் அளவையே குறைத்துக்கொள்ளும் வழிகளும் உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட தமிழகக் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை துணை நிற்கிறது. தகுதி இருந்தும் அட்டை பெறாதிருப்போர் முதலில் அதைப் பெறட்டும். வங்கிக் கணக்கின் வழியே ஆண்டுக்கு 20 ரூபாய் செலுத்தினால் 2 லட்சம் ரூபாய்க்கு விபத்துக் காப்பீடு தரும் பிரதமரின் திட்டமும் உள்ளது. வேலை செய்யும் நிறுவனம் தரும் மருத்துவக் காப்பீட்டில் மனைவி மக்களின் பெயர்கள் சேர்ந்துள்ளனவா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எது அவசரம்?

கலயத்தை நிரப்புவதைவிட அதைக் காப்பது கடினம். திடீரென வந்ததா? கட்டாயத் தேவையா? தள்ளிப்போட இயலாததா? இம்மூன்றுக்கும் ‘ஆம்’ என்று விடை வந்தால் மட்டுமே அது அவசரம். ஜூன் மாதத்துப் பள்ளிக் கட்டணம் அவசரமன்று. ஒவ்வோர் ஆண்டும் வரும் செலவு. கிறிஸ்மஸ் புத்தாடையும், பிள்ளையின் புதுநன்மை விழாவும், உறவினர் திருமணத்துக்கு எழுதும் மொய்யும், வண்டியின் காப்பீட்டுத் தொகையும் முன்கூட்டியே தெரிந்த செலவுகளே. இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கூட்டி, பன்னிரண்டால் வகுத்து, அத்தொகையை மாதச் செலவிலேயே சேர்த்துவிட வேண்டும். பல குடும்பங்களின் அட்டைக் கடன் பிறப்பது ஆபத்தில் அன்று. முன்பே தெரிந்திருந்தும் நினையாது விட்ட இத்தகைய செலவுகளில்தான்.

உண்மையான அவசரம் வந்து சேமிப்பு செலவாகிவிட்டால் வருந்த வேண்டியதில்லை. அது தன் கடமையைச் செய்தது. அடுத்த சில மாதங்கள் கடன் தவணையைச் சற்றுக் குறைத்து, கலயத்தை மீண்டும் நிரப்பிவிட்டு, பழையபடி கடனை நோக்கித் திரும்பலாம்.

ஒளிக்காதீர்கள்

கடன் அட்டையின் பட்டியல் இன்று கைப்பேசிக்கோ மின்னஞ்சலுக்கோ வந்து சேர்கிறது. வீட்டில் ஒருவர் மட்டும் அதை அறிவார். கணவனுக்குத் தெரியாமல் மனைவியும், மனைவிக்குத் தெரியாமல் கணவனும் நிலுவையைச் சுமந்து திரியும் நிலை அரிதன்று. ஒளித்த கடன் வட்டியால் வளர்வது போலவே பொய்யாலும் வளர்கிறது. ஒருவர் மிச்சம் பிடிக்க, காரணம் அறியாத மற்றவர் செலவு செய்ய, வீட்டில் சண்டை மட்டுமே மிஞ்சும்.

ஒரு மாலை இருவரும் அமர்ந்து, எல்லா அட்டைகளின் நிலுவையையும் வட்டியையும் தவணை நாளையும் ஒரே தாளில் எழுதுங்கள். பழியும் ஏச்சும் அந்த மாலைக்கு வேண்டா. மாதம் எவ்வளவு கடனுக்கு, எவ்வளவு கலயத்துக்கு என்பதை இருவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். சேமிப்புக் கணக்கு இருவர் பெயரிலும் இருக்கட்டும். வளர்ந்த பிள்ளைகளுக்கும் நிலைமையைச் சுருக்கமாகச் சொல்லலாம். ‘இவ்வாண்டு சுற்றுலா இல்லை, ஏனெனில் நாம் ஒரு கடனை அடைக்கிறோம்’ என்று கேட்டு வளரும் பிள்ளை, நாளை தன் முதல் ஊதியத்தைப் பொறுப்போடு செலவிடும்.

தவணை கட்ட இயலாத மாதம் வருமெனத் தெரிந்தால், அந்நாள் வரும் முன்னரே வங்கிக்கு எழுதித் தெரிவிப்பது நல்லது. தவணை நாள் கடந்து மூன்று நாள்களுக்கு மேலானால்தான் தாமதக் கட்டணம் விதிக்கலாம் என்பதும், கடன் வசூலிப்போர் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது என்பதும் 2022-ஆம் ஆண்டில் ரிசர்வ் வங்கி பிறப்பித்த ஆணைகள். மிரட்டலுக்கு அஞ்சி ஒருவர் மனம் உடைந்து போக வேண்டியதில்லை. வங்கியிடம் எழுத்தில் முறையிட்டு 30 நாளில் தீர்வு கிட்டாவிடில், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். கடன் பட்டவருக்கும் மானம் உண்டு. சட்டம் அதை மறுக்கவில்லை.

கடன் தீர்ந்த மறுமாதம்

இறுதியாக ஒரு சொல். கடைசித் தவணை கட்டிய மறுமாதமே ஒரு குடும்பத்தின் உண்மையான தேர்வு தொடங்குகிறது. மாதம் 6,000 ரூபாய் இன்றியே வாழப் பழகிவிட்ட வீட்டில், திடீரென அத்தொகை கையில் மிஞ்சுகிறது. புதிய தொலைக்காட்சிப் பெட்டியும் புதிய கைப்பேசியும் அதற்காகவே காத்திருக்கும். அத்தொகையை அவற்றுக்குக் கொடாமல், அப்படியே அவசரச் சேமிப்புக் கணக்குக்குத் திருப்பிவிடுங்கள். மாதச் செலவு 25,000 ரூபாய் ஆகும் வீட்டில், முன்பே உள்ள 10,000 ரூபாயோடு சேர்ந்து, பதினொரே மாதங்களில் 75,000 ரூபாய் சேர்ந்துவிடும். அது மூன்று மாதம் ஊதியமே இல்லாவிடினும் அடுப்பு எரிவதற்குரிய உறுதி.

கடனை அடைப்பது நேற்றைய செலவுக்கு நாம் செலுத்தும் நியாயம். சேமிப்பது நாளைய துன்பத்துக்கு நாம் செய்துவைக்கும் ஏற்பாடு. ஒன்றுக்காக மற்றொன்றை முழுவதும் கைவிட வேண்டியதில்லை. பெரும்பங்கு கடனுக்கு, ஒரு பிடி கலயத்துக்கு என்னும் ஒழுங்கை இம்மாத ஊதிய நாளிலேயே நம் இல்லங்களில் தொடங்குவோமாக.